எந்தப் பனியைத் தைப்பது?

தமிழில் பனி என்ற சொல் முதலில் நினைவூட்டுவது புல்நுனியில் நிற்கும் ஈரத்தைத்தான். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று பருவங்களை வகுத்தவர்கள், கூரைகளை மூடிக் கிடக்கும் வெண்பனியை மனத்தில் கொண்டு அவ்வாறு வகுக்கவில்லை. ஆயினும் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது நம் வீடுகளின் மேசை விரிப்புகளிலும் திண்டு உறைகளிலும் போர்வைகளிலும் வந்து இறங்குவது அந்த இரண்டாவது பனியே. பனிமனிதன், வண்டி இழுக்கும் துருவமான், வெள்ளை பூசிய ஊசியிலை மரம் ஆகியவை அச்சிட்ட துணிகளாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. மதுரைக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையே, டிசம்பர் நண்பகலில் மின்விசிறியை நிறுத்த முடியாத நம் காரியாபட்டியிலும் இதே கதைதான்.

வீட்டிலேயே தைக்கத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் இதே உருவங்களைப் பார்த்துத் தைப்பதுதான் நம் கவலை. துணித்துண்டுகளை இணைத்துப் பண்டிகைக்கென ஒரு விரிப்போ போர்வையோ செய்வது நல்ல கலை. அதை வீடுதோறும் செய்யவேண்டும் என்பது நம் விருப்பம். ஆனால் அதில் எதைத் தைப்பது, எந்தத் துணியில் தைப்பது, யார் பெயரில் தைப்பது என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொள்ளாமல் செய்தால் கடைத்துணிக்கும் கைத்துணிக்கும் பெரிய வேறுபாடு இராது என்று கருதுகிறோம்.

இதை அயல்பொருள் வெறுப்பு என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். மேசை என்ற சொல்லே போர்த்துக்கீசியர் தந்தது. லேஸைக் குறிக்கும் ரேந்தை என்ற சொல்லும் அவர்களுடையதே. ஈழத்தமிழர் கிறிஸ்துமஸை நத்தார் என்று அழைப்பதும் நத்தால் என்ற போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்ததுதான். வந்த சொற்களை நம் நாவுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டோம். அவை நம்முடையவை ஆயின. கைவேலைகளுக்கும் இது பொருந்தும்.

நாகர்கோவில் லேஸின் வரலாறு இதற்கு நல்ல சான்று. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தார். பின்னல் வேலைக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் டெவன் பகுதிக்காரர் அவர். தலையணையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் அந்த வேலையை 1820-களின் தொடக்கத்தில் தம் பள்ளிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அப்பெண்களுள் அடிமைகளும் இருந்தார்கள். லேஸ் விற்றுக் கிடைத்த கூலியைக் கொண்டு தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த நூலின் வலிமை விளங்கும்.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா. 1844-இல் அவரை மணந்தவர் ராபர்ட் கால்டுவெல். தமிழ் முதுகலை பயின்ற எவரும் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தையும் அது வெளிவந்த 1856 என்ற ஆண்டையும் தேர்வுக்காகவேனும் மனப்பாடம் செய்திருப்போம். அதே இடையன்குடியில் எலைசா பெண்களுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் கற்பித்தார் என்பது நம் பாடத்திட்டத்திற்குள் வரவில்லை. இலக்கணத்தை நூலாகக் கொண்டோம். நூலால் ஆனதை இலக்கியத்திற்குப் புறம்பானதாக வைத்துவிட்டோம். எவ்வாறாயினும், டெவனில் பிறந்த ஒரு வேலை இரண்டு தலைமுறைக்குள் தென்கோடித் தமிழ்ப்பெண்களின் வேலையாக ஆனது. தொழில்நுட்பம் எங்கிருந்தும் வரலாம். அதை நம் வாழ்வுக்குப் பயன்படுத்துவதில்தான் உரிமை பிறக்கிறது.

உருவங்களைப் பொறுத்தவரை நமக்கு வழிகாட்டி வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்த அவர், தமிழகத்தில் தம் பணியின் தொடக்க ஆண்டுகளில் கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் இருந்தவர். நம் கரிசலின் வெயிலை அறிந்தவர். 1726-இல் நிறைவுற்ற தேம்பாவணியில் அவர் சூசையப்பரை வளன் என்று அழைத்தார். காப்பிய மரபுப்படி நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தொடங்கி, யூதேய நாட்டையே வயலும் சோலையுமாகத் தமிழ் நிலம் ஆக்கிக் காட்டினார். பனி பெய்யும் மலைகள் கொண்ட நாட்டில் பிறந்தவர் பெத்லகேமுக்கு மருதநிலத்தைக் கொடுத்தார். கரிசலில் பிறந்த நாமோ பெத்லகேமுக்குப் பனிக்கட்டியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நற்செய்தி நூல்கள் சொல்லும் பிறப்புக் கதையில் பனிமனிதனும் இல்லை, துருவமானும் இல்லை. அங்கே இருப்பவை ஒரு நட்சத்திரம், ஒரு தீவனத் தொட்டி, இரவில் மந்தையைக் காவல் காத்த இடையர்கள்.

இவற்றுள் நமக்கு அந்நியமானது எது? அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டு, இரவெல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காவலிருக்கும் கீதாரிகளை இப்பகுதியில் காணாதவர் யார்? கி. ராஜநாராயணன் ‘கிடை’ என்றே ஒரு குறுநாவல் எழுதியிருக்கிறார். மேசை விரிப்பின் ஓரத்தில் வரிசையாக வெள்ளாடும் செம்மறியும், மூலைக்கொரு பனைமரம், இடையிடையே வெடித்த பருத்திக்காய், நடுவில் எட்டுமுனை நட்சத்திரம் என்று தைத்தால் அது லூக்கா சொல்லும் இரவாகவும் இருக்கும், காரியாபட்டி இரவாகவும் இருக்கும். சூடான பாத்திரங்களும் குழம்பும் சிந்தும் மேசைமீது திருவுருவங்களை இடத் தயங்குவோருக்கும் இதில் மனக்குறை நேராது.

அடுத்தது துணி. துணித்துண்டை வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைப்பது நமக்குப் புதிய கலை அன்று. தேர்களை அலங்கரிக்கும் தொம்பைகள் அவ்வாறு செய்யப்படுபவையே. பழந்துணியை அடுக்கித் தைப்பதோ இந்தியா முழுவதும் உள்ள பழக்கம். வங்காளத்தின் காந்தாவும் நம் கந்தையும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள். வங்காளிகள் அச்சொல்லுக்குக் கலை என்ற பொருளைச் சேர்த்தார்கள். ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட கதைப்பாடலின் பெயரிலேயே சித்திரக் காந்தா இடம்பெற்றிருக்கிறது. நாம் கந்தையை வறுமையின் அடையாளமாக மட்டும் வைத்துக்கொண்டோம். கர்நாடகத்தின் வடகன்னடப் பகுதியில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் பழந்துணிகளை விளிம்பில் தொடங்கி உள்நோக்கித் தைத்துச் செல்லும் கவந்தி என்னும் போர்வையைச் செய்கிறார்கள். மூலைகளில் மடித்த துணியால் பூ வைக்காமல் அது முழுமை பெறாது என்பது அவர்கள் வழக்கம்.

ஆகவே பண்டிகை விரிப்புக்கென்று புதிதாக அச்சுத்துணி வாங்குவதில் நமக்கு உடன்பாடில்லை. அம்மாவின் நைந்த சுங்குடிச் சேலையில் முந்தானைப் பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பிள்ளைகளின் பள்ளிச் சட்டை, தாத்தாவின் வேட்டிக்கரை, தையற்கடைக்காரர் கூட்டித் தள்ளும் வெட்டுத்துணி ஆகியவை போதும். ஐந்தாண்டு கழித்து ஒரு பிள்ளை அதில் விரலை வைத்து, இது எந்தச் சட்டை என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு கதை இல்லாத விரிப்பு, வெறும் விரிப்பே.

செய்முறை கடினமன்று. பருத்தியைப் பருத்தியோடு மட்டுமே சேர்க்கவேண்டும். பட்டும் பாலியஸ்டரும் கலந்தால் துவைத்தபின் சுருங்கி இழுக்கும். சாயம் போகும் துணியைத் தண்ணீர் தெளியும் வரை தனியே அலசிவிட வேண்டும். பன்னிரண்டு அங்குல நட்சத்திரம் ஒன்றுக்கு, நட்சத்திர நிறத்தில் 6½ அங்குலச் சதுரம் ஒன்றும் 3½ அங்குலச் சதுரம் எட்டும் தேவை. பின்புல நிறத்தில் 3½ அங்குலச் சதுரம் நான்கும், 3½-க்கு 6½ அங்குலச் செவ்வகம் நான்கும் தேவை. ஒவ்வொரு செவ்வகத்தின் ஒரு முனையிலும் நட்சத்திர நிறச் சதுரத்தை வைத்து மூலைக்கு மூலை தைத்து, கால் அங்குலம் விட்டு மிச்சத்தை வெட்டி, மடித்து இஸ்திரி போடவேண்டும். மறுமுனையில் எதிர்ச்சாய்வாக இதையே செய்தால் இரண்டு கதிர்முனைகள் கிடைக்கும். பெரிய சதுரம் நடுவில், கதிர்கள் நான்கு பக்கத்திலும், சிறிய சதுரங்கள் மூலைகளில் என்று மும்மூன்றாக இணைத்தால் நட்சத்திரம் முடிந்தது. எல்லா இணைப்பிலும் தையல் விளிம்பு கால் அங்குலம் என்பது மாறக்கூடாது. ஒன்பது நட்சத்திரங்கள் சேர்ந்தால் ஒரு கெஜச் சதுர விரிப்பு. பின்புறத்துக்கு ஒரு பழைய வேட்டி. மேசைக்கானால் சூடு தாங்க நடுவே பழைய துண்டு. போர்வைக்கு நம் ஊரில் நடுப்படை வேண்டியதில்லை. இரண்டு அடுக்கை நூலோட்டத் தையலால் இணைத்தால் மார்கழி விடியலுக்குப் போதும்.

மறுப்புகள் வரும். குழந்தைகள் பனிமனிதனை விரும்புகிறார்களே என்பார்கள். விரும்பட்டும்; வேறு உருவத்தை நாம் காட்டாதவரை அவர்கள் விருப்பத்தை அளந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. இன்னொரு மறுப்பு எடை மிக்கது. தீப்பெட்டி ஆலைக்கும் பட்டாசு ஆலைக்கும் சென்று திரும்பி, அடுப்படியையும் பார்க்கும் பெண்களின் தலையில் இன்னுமொரு வேலையைக் கலை என்ற பெயரில் ஏற்றுகிறீர்களா என்று கேட்டால், கேள்வி நியாயமானது. ஆகவேதான் இதைப் பெண்களின் ஓய்வுநேர வேலை என்று சொல்ல நாம் உடன்படவில்லை. கடைவீதியில் தையல் இயந்திரத்தின் முன் ஆண்கள் அமர்ந்திருக்கும் ஊரில், வீட்டுக்குள் ஊசி மட்டும் ஏன் பெண்ணிடம் போகிறது? அளந்து வெட்டுவதைக் கணக்குத் தெரிந்த பிள்ளைகள் செய்யலாம். தைப்பதை அப்பா செய்யலாம். ஒரு பண்டிகைக்கு ஒரு நட்சத்திரம் முடிந்தாலும் குற்றமில்லை; ஒன்பது ஆண்டில் விரிப்பு நிறையும்.

கடைசியாகப் பெயர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1837-இல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், பைபிள் காட்சிகளை 11 கட்டங்களில் துணியை வெட்டி ஒட்டித் தைத்த ஒரு போர்வையைச் செய்தார். முதலில் விற்க மறுத்த அவர், வறுமை நெருக்கியபோது 1891-இல் ஐந்து டாலருக்கு அதை விற்றார். இன்று அது வாஷிங்டனின் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாங்கிய பெண்மணி, பவர்ஸ் கட்டம் கட்டமாகச் சொன்ன விளக்கத்தை எழுதிவைத்ததால்தான் அவருடைய குரலில் ஒரு பகுதியேனும் நமக்குக் கிடைத்தது. நாகர்கோவிலில் நூல் பின்னி விடுதலை வாங்கிய பெண்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? கற்பித்தவர் பெயர் நிலைத்தது. பின்னியவர் பெயர் லேஸோடு கப்பலேறிப் போயிற்று.

எனவே விரிப்பின் பின்புற மூலையில், சங்கிலித் தையலில், தைத்தவர்களின் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதிவிடுங்கள். ஓலைச்சுவடியில் படியெடுத்தவர்கள் கடைசி ஏட்டில் தம் பெயரும் நாளும் குறித்துவைத்த மரபு நம்முடையது. துணிக்கு மட்டும் அது ஏன் கூடாது? பனி வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் அதையும் மறுக்கவேண்டாம். ஆட்டுக்கிடையைச் சுற்றிய புல்லின் நுனிகளில் வெள்ளை நூலால் சின்னஞ்சிறு முடிச்சுகள் இடச்சொல்லுங்கள். அதுவே முன்பனி.