அடுத்தவர் ஏட்டைக் கறைப்படுத்தாத மை

அழிப்பானில் படம் செதுக்கி முத்திரை செய்யும் கலை, ஓவிய வகுப்பிலோ இணையக் காணொளியிலோ நம்மில் சிலருக்கு அறிமுகமாகியிருக்கும். செதுக்குவதற்கு மணிக்கணக்கில் பாடுபடுபவர்கள்கூட, மை வாங்கும்போது ஒரு நிமிடம் யோசிப்பதில்லை. நிறம் பளிச்சென்று இருந்தால் போதும், விலை குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று ஒரு ஸ்டாம்ப் பேடை எடுத்துவிடுகிறோம்.

நாம் வைத்திருக்கும் புத்தகத்தில் மட்டும் பதிப்பதென்றால் அதில் தவறில்லை. ஆனால் ‘லெட்டர்பாக்சிங்’ என்னும் பொழுதுபோக்கில் நம் முத்திரை, முன்பின் தெரியாத ஒருவரின் ஏட்டில் பதிகிறது. அங்கே மையைத் தேர்ந்தெடுப்பதில் ரசனையோடு நாகரிகமும் கலந்திருக்கிறது என்பது என் கருத்து.

இந்தப் பொழுதுபோக்கின் பிறப்பிடம் இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்தில் உள்ள டார்ட்மூர் மேட்டுநிலம். 1854ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற எளிதில் போகமுடியாத இடத்தில் ஒரு போத்தலை வைத்தார். அங்குவரை நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுச் சென்றார்கள். பிற்காலத்தில் போத்தலுக்குப் பதில் பெட்டி வந்தது. அதற்குள் குறிப்பேடும் ரப்பர் முத்திரையும் வந்தன. 1998இல் அமெரிக்காவின் ‘ஸ்மித்சோனியன்’ இதழில் வந்த ஒரு கட்டுரை, அந்நாட்டில் பலரை இதன் பக்கம் இழுத்தது. கருவியின் துணையோடு பெட்டி தேடும் ‘ஜியோகேஷிங்’ 2000ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு மூத்தது லெட்டர்பாக்சிங்.

விளையாட்டின் முறை எளிது. ஒருவர் பெட்டியை மறைத்து வைத்து, அதைக் கண்டுபிடிக்கக் குறிப்புகள் தருவார். தேடி வருபவர் தமது முத்திரையைப் பெட்டிக்குள் இருக்கும் ஏட்டில் பதிப்பார். பெட்டியில் இருக்கும் முத்திரையைத் தமது ஏட்டில் பதித்துக்கொள்வார். பிறகு எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டுப் போவார்.

ஆக, ஒவ்வொரு முறையும் இரண்டு பதிவுகள் நடக்கின்றன. நம் முத்திரை பிறர் ஏட்டில் பதிகிறது. பிறர் முத்திரை நம் ஏட்டில் பதிகிறது. மையைப் பற்றி யோசிக்க வேண்டியது இங்கேதான்.

மூவகை மை

கடையில் எத்தனையோ பெயர்களில் விற்றாலும், நமக்கு முக்கியமானவை மூன்று வகைகள்.

முதலாவது சாய மை. இது காகிதத்துக்குள் ஊறி விரைவில் காய்கிறது. துடைப்பதும் எளிது. ஆனால் மெல்லிய காகிதத்தில் கோட்டின் ஓரம் கசியலாம். பல சாய மைகள் வெயில் பட்டால் வெளிறும், நீர் பட்டால் கரையும். வழவழப்பான புது ரப்பரில் சில வேளைகளில் சீராகப் படியாமல் துளித்துளியாக நிற்கும்.

இரண்டாவது நிறமி மை. இதன் நிறத்துகள்கள் காகிதத்தின் மேற்பரப்பில் தங்குகின்றன. நிறம் அடர்த்தியாக இருக்கும், எளிதில் வெளிறாது. பெரிய பரப்புள்ள படங்களைச் சீராக நிரப்பும். இதன் குறை, காய நேரம் எடுப்பது. பளபளப்பான தாளில் பதித்தால் நெடுநேரம் கழித்துத் தொட்டாலும் விரலில் ஒட்டலாம்.

மூன்றாவது கரைப்பான் மை. ‘ஸ்டேஸ்ஆன்’ இவ்வகையைச் சேர்ந்தது. கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் ஆகியவற்றிலும் பதியும், சீக்கிரம் காயும், நீரில் கரையாது. ஆனால் இதற்குத் தனித் துப்புரவுத் திரவம் வேண்டும். நெடி அடிக்கும். மெல்லிய தாளின் பின்புறம்வரை ஊடுருவலாம். கையால் செதுக்கும் மென்மையான ரப்பரையும் அழிப்பானையும் நாளடைவில் கெடுக்கக்கூடும்.

யாருடைய ஏடு?

மூன்றில் எது சிறந்தது என்று கேட்பதைவிட, யாருடைய ஏட்டில் பதிக்கிறோம் என்று கேட்பதே பயன் தரும்.

பெட்டிக்குள் இருக்கும் ஏடு நம்முடையதல்ல. அதன் தாள் எப்படிப்பட்டது என்று திறக்கும்வரை தெரியாது. பதித்த சில நிமிடங்களில் ஏட்டை மூடி, பையில் போட்டு, மறைவிடத்தில் வைத்தாக வேண்டும். நிறமி மை அதற்குள் காயாவிட்டால், எதிர்ப்பக்கத்தில் வேறொருவர் பதித்த முத்திரைமீது நம் நிறம் ஒட்டிக்கொள்ளும். மலையேறி வந்து அந்த அடையாளத்தை விட்டுச் சென்றவர் அதைச் சரிசெய்யத் திரும்பி வரப்போவதில்லை. அந்த ஏட்டுக்கு வேறு பிரதியும் இல்லை.

ஆகவே பெட்டியின் ஏட்டுக்கு, விரைவில் காய்கிற, காய்ந்தபின் நீரில் கரையாத சாய மையே பொருத்தம். நம் சொந்த ஏட்டில் நிறமி மையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அது காயும்வரை காத்திருக்க நமக்கு நேரம் உண்டு. கறை பட்டாலும் நட்டம் நமக்குத்தான்.

“டார்ட்மூர் போன்ற ஈரமான இடத்தில் கரைப்பான் மைதானே பாதுகாப்பு?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெட்டிக்குள் ஈரம் புகுந்தால் சாதாரணச் சாய மை கரைந்து பக்கமே நீலக்குளமாகிவிடும். ஆனால் நீரில் கரையாத தன்மை கரைப்பான் மைக்கு மட்டும் உரியதல்ல. காய்ந்தபின் கரையாத சாய மைகளும் உள்ளன. நுண்ணிய கோடுகளுக்குப் பெயர்பெற்ற ‘வெர்சாஃபைன்’ போன்ற எண்ணெய் கலந்த நிறமி மைகளும் உள்ளன.

அதோடு, பெட்டியின் முத்திரையை நம் ஏட்டில் பதிக்கும்போது நம் மை பிறர் செதுக்கிய ரப்பரைத் தொடுகிறது. ஒருவர் பல மணி நேரம் குனிந்து உட்கார்ந்து செதுக்கியதை நம் வசதிக்காகக் கெடுக்க உரிமை இல்லை. பிறர் முத்திரையில் கரைப்பான் மையை ஒருபோதும் தடவக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வேறு மை என்றாலும், பதித்தபின் ஈரத்துணியால் துடைத்து, உலர்த்திவிட்டே பெட்டிக்குள் வைக்க வேண்டும். துடைக்காத நிறமி மை, அடுத்து வருபவரின் மஞ்சள் ஸ்டாம்ப் பேடைப் பழுப்பாக்கிவிடும்.

பெயர்ச்சீட்டை நம்பலாமா?

ஸ்டாம்ப் பேடின் மேல் அச்சிட்டிருக்கும் சொற்களையும் கவனமாகப் படிக்க வேண்டும். ‘நிரந்தரம்’ என்றால் நீரில் கரையாது என்று பொருளா, வெயிலில் வெளிறாது என்று பொருளா? இரண்டும் வேறு வேறு. ‘அமிலமற்றது’ என்பது காகிதத்துக்குக் கேடு இல்லை என்பதைத்தான் சொல்கிறது. நிறம் நீடிக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே மையை இரண்டு மூன்று வகைத் தாள்களில் பதியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து விரலால் தேயுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒரு துளி நீர் விடுங்கள். இன்னொரு பதிவின் பாதியை அட்டையால் மூடி, சன்னலோரம் சில வாரம் வையுங்கள். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் உள்ள வேறுபாடு, எந்த விளம்பரத்தையும்விடத் தெளிவாகப் பேசும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால், குளிர்நாட்டார் சொல்லும் காயும் நேரத்தை அப்படியே நம்பாமல் நாமே பார்த்துக்கொள்வது நல்லது.

செலவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய முத்திரைக்குப் பெரிய ஸ்டாம்ப் பேட் தேவையில்லை. முத்திரையைத் திருப்பி வைத்து, சிறிய பேடை அதன்மேல் மெல்லத் தட்டினால் எந்த அளவு முத்திரைக்கும் மை ஏறும். பல நிறம் வேண்டுமென்றால், நீரில் கரையும் மார்க்கர் பேனாவால் முத்திரைமீதே தீட்டலாம். வெளிர்நிறத்தில் தொடங்கி அடர்நிறத்தில் முடித்தால் பேனா முனைகள் அழுக்காகாது. தீட்டுவதற்குள் மை காய்ந்துவிட்டால், வாயால் ஒருமுறை ஊதி ஈரப்படுத்திவிட்டுப் பதிக்கலாம். இப்படிப் பதித்தது நீர் பட்டால் கரையும் என்பதால், இதையும் சொந்த ஏட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே தொடங்க விரும்பும் மாணவர்கள் பொது இடத்தில் அனுமதியின்றிப் பெட்டியை ஒளித்து வைக்க வேண்டாம். கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டி வீண் பதற்றத்தை உண்டாக்கும். ஆசிரியரிடமோ நூலகரிடமோ கேட்டு, பள்ளி நூலகத்தின் ஓர் அலமாரியில், மன்ற அறையில், உறவினர் வீட்டில் என்று தொடங்கலாம். ஒரு முத்திரை, ஓர் ஏடு, இரண்டு மை போதும்.

அந்த ஏட்டின் கடைசிப் பக்கத்தில் சில துண்டுத் தாள்களைச் செருகி வையுங்கள். பதித்தவர் ஒன்றை எடுத்து ஈரப் பக்கத்தின்மேல் வைத்துவிட்டு ஏட்டை மூடினால், தமக்கு முன் வந்தவரின் முத்திரை கறைபடாமல் இருக்கும்.