ஃப்ரீசரில் வைத்த தக்காளி

சித்திக்கு நரம்பு கிடைப்பதில்லை. ரத்தம் எடுக்க வருகிற பிள்ளைகள் முதலில் இடது கையைத் தட்டிப் பார்ப்பார்கள், பிறகு வலது, கடைசியில் புறங்கை. நாலு குத்து வீணாகி ஐந்தாவதில் வரும். சில நாள் அதிலும் வராது. அதனால், போன மாதம் மதுரையில் ஒரு மூட்டு மருத்துவமனையில் முட்டிவலிக்கு, அவள் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் ‘பிஆர்பி’ ஊசி போடலாம் என்று சொன்னபோது சித்தி கேட்ட முதல் கேள்வி, “எத்தனை தடவை ரத்தம் எடுப்பீங்க?” என்பதுதான். முட்டிக்குள் ஊசி இறங்கினால் வலிக்குமா என்று கேட்கவே இல்லை.

வாரம் ஒன்றாக மூன்று ஊசி. அப்படியென்றால் மூன்று தடவை ரத்தம். சித்தியின் முகம் போன போக்கைப் பார்த்த ஒருவர் (டாக்டர் அல்ல, ‘பேக்கேஜ்’ பேசுவதற்கென்று தனியாக ஓர் அறையில் உட்கார்ந்திருப்பவர்) சட்டென்று வழி சொன்னார். “ஒரே தடவையா எடுத்துப் பிரிச்சிடலாம்மா. ஒண்ணை இன்னைக்குப் போட்டுட்டு, மிச்சம் ரெண்டை ஃப்ரீசர்ல வச்சிடுவோம். ஒண்ணும் ஆகாது.”

வெளியே வந்ததும் சித்தி கேட்டாள்: “ஏம்ப்பா, அது என்ன இட்லி மாவா?”

கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. ஒரு வாரம் அதன் பின்னாலேயே அலைந்தேன்.

பிஆர்பி என்றால் பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா. டெங்கு புண்ணியத்தில் ‘பிளேட்லெட் கவுண்ட்’ என்பது தமிழ்நாட்டில் திண்ணைப் பேச்சாகிவிட்டது. பப்பாளி இலையைக் கசக்கிக் குடித்தவர்கள் எல்லாருக்கும் அந்த எண்ணிக்கை மனப்பாடம்: ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை. பிளேட்லெட் தமிழில் தட்டணு. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒரு பெரிய செல் தன் உடம்பிலிருந்து உதிர்த்துவிடும் துணுக்குதான் இது. உட்கரு கிடையாது. ஆயுசு ஏழிலிருந்து பத்து நாள். காயம் பட்ட இடத்தில் ஓடிப்போய் அடைத்துக்கொள்வது நமக்குத் தெரிந்த வேலை. அடைத்துக்கொண்ட பிறகு, தன் வயிற்றுக்குள் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கும் சரக்கை அவிழ்த்துக் கொட்டுவது இன்னொரு வேலை. அந்தச் சரக்கில் இருப்பவை வளர்ச்சிக் காரணிகள்: செல்களைப் பெருகு, கூடு, புது ரத்தக்குழாய் போடு என்று ஏவுகிற புரதங்கள். பிஆர்பி வைத்தியத்தின் மொத்த நம்பிக்கையும் இந்தப் பொட்டலங்களின் மேல்தான். நம் ரத்தத்தையே எடுத்து, உறையாமலிருக்க சிட்ரேட் சேர்த்து, இயந்திரத்தில் சுழற்றினால் அடியில் சிவப்பு தங்கும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவு நிற்கும். அந்தத் தெளிவில் தட்டணு செறிந்த பகுதியை மட்டும் உறிஞ்சி முட்டியிலோ முழங்கைத் தசைநாணிலோ போடுகிறார்கள்.

அதை ஃப்ரீசரில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்க, ரத்த வங்கியில் இருபது வருஷமாக வேலை பார்க்கும் ஒரு தோழியிடம் போனேன். அவர் சிரித்துவிட்டார். “எங்ககிட்ட தட்டணுப் பை சாதா ஃப்ரிட்ஜுக்குள்ளயே போகாதுண்ணே.”

சிவப்பணு குளிர்பெட்டியில் இருக்கும். பிளாஸ்மா உறைபெட்டியில் இருக்கும். தட்டணு மட்டும் 20 முதல் 24 டிகிரியில், தொட்டில் மாதிரி ராப்பகலாக ஆடிக்கொண்டிருக்கும் ஒரு தட்டின் மேல் படுத்திருக்கும். அதுவும் ஐந்து நாள்தான். பிறகு கொட்ட வேண்டியதுதான். அவர் ஒரு பையை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து மெல்லச் சாய்த்தார். உள்ளே மேகம் மாதிரி ஏதோ புரண்டது. பட்டுப்புடவையைத் திருப்பினால் நிறம் மாறுமே, அப்படி ஒரு மினுமினுப்பு. தட்டு வடிவத்தில் இருக்கும் வரைக்கும்தான் தட்டணு வெளிச்சத்தை இப்படிச் சிதறடிக்கும். குளிர் பட்டால் அது உருண்டையாகிவிடும், முள் முளைக்கும், மினுமினுப்பு போய்விடும். இயந்திரம் எதுவும் வேண்டாம், கண்ணே போதும். அப்படிக் குளிர்ந்த தட்டணுவை ஒருவர் உடம்பில் ஏற்றினால் கல்லீரல் அதைச் சீக்கிரமே பிடித்து அகற்றிவிடும். அதனால்தான் ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்கிறார்கள்.

இங்கே ஒரு வக்கீல் புத்தி வேலை செய்தது. முட்டிக்குள் போடுகிற தட்டணு ரத்த ஓட்டத்தில் சுற்றப்போவதில்லை. கல்லீரல் அதைப் பார்க்கப்போவதும் இல்லை. அப்படியானால் ரத்த வங்கியின் விதி முட்டிக்கு எதற்கு? பேக்கேஜ்காரர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறதோ?

கொஞ்சம் இருக்கிறது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஃப்ரிட்ஜில் வடிவம் மாறும் தட்டணு, ஃப்ரீசரில் உடைகிறது. தண்ணீர் பனிப்படிகமாகும்போது உப்பெல்லாம் மிச்சமிருக்கும் நீரில் செறிந்து செல்லை வாட்டும். படிகங்கள் சவ்வைக் கிழிக்கும். உருக்கும்போது பொட்டலம் அவிழ்ந்து சரக்கு வெளியே கலந்துவிடும். ஆனால் சரக்கு அழிந்துவிடுவதில்லை. ஆய்வகங்களில் செல் வளர்ப்பவர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். தட்டணுவை உறையவைத்து, உருக்கி, மறுபடி உறையவைத்து உடைத்து, அந்தச் சாற்றை வளர்ப்பு ஊடகத்தில் கன்றுக்குட்டி ரத்தத் தெளிவுக்குப் பதிலாகச் சேர்க்கிறார்கள். ஜப்பானில் நோயாளியின் சொந்தத் தட்டணுச் சரக்கைப் பிரித்து, உறைநிலையில் உலர்த்திப் பொடியாக்கி வைத்துக்கொண்டு, பிறகு கரைத்து முட்டிக்குப் போடுவதும் உண்டு. உறையவைத்து உருக்கிய பிஆர்பியில் வளர்ச்சிக் காரணிகளை அளந்தால் புதியதைவிடச் சில கூடுதலாகக்கூடத் தெரியும். உள்ளே அடைந்திருந்தது வெளியே வந்துவிட்டதால் வரும் கணக்கு அது.

இதையெல்லாம் சித்தியிடம் சொன்னபோது அவள் யோசிக்காமல் சொன்னாள்: “ஃப்ரீசர்ல மறந்துபோன தக்காளி மாதிரி. ரசத்துக்கு ஆகும், நறுக்கிப் போட ஆகாது.”

நான் ஒரு வாரம் படித்ததை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள். உறையவைத்த பிஆர்பி ரசம். புதியது முழுத் தக்காளி. முழுத் தட்டணு காயத்தில் ஒட்டும், ஒன்றோடொன்று கூடும், வலைபோல் பின்னும் ஃபைப்ரின் கட்டியை இறுக்கும். பெரும்பகுதிச் சரக்கை முதல் ஒரு மணி நேரத்தில் கொட்டிவிட்டாலும் மிச்சத்தை அங்கேயே இருந்து விடும். உடைந்த தட்டணுவுக்கு அந்தக் கூடும் திறமை போய்விடுகிறது. சரக்கு மொத்தமும் ஊசிக்குழாயிலேயே கரைந்து நிற்கிறது. இரண்டும் மருந்தாக இருக்கலாம். ஆனால் ஒரே மருந்து அல்ல. என் புகார் அவ்வளவுதான்: ஒரே பெயரில், ஒரே விலையில், ஒரே பேக்கேஜில் இரண்டையும் விற்கிறார்கள்.

தட்டணுவை உடையாமல் உறையவைக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. நெதர்லாந்து ராணுவம் ஆஃப்கானிஸ்தான் வரைக்கும் உறைந்த தட்டணுவைக் கொண்டுபோயிருக்கிறது. போர்முனையில் ஐந்து நாள் ஆயுசுள்ள சரக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்காக டிஎம்எஸ்ஓ என்ற காப்புத் திரவத்தை ஐந்தாறு சதவீதம் கலந்து, மைனஸ் 80 டிகிரியில் வைக்கிறார்கள். இரண்டு வருஷம் வரை தாங்கும். (அந்தத் திரவம் உடம்பில் ஏறினால் மூச்சில் பூண்டு வாடை அடிக்கும்.) அப்போதுகூட ஒரு பங்கு தட்டணு சேதமாகத்தான் செய்கிறது. ரத்தப்போக்கை அவசரமாக நிறுத்த அது போதும் என்பதால் ஏற்றுகிறார்கள்.

மதுரையில் எனக்குக் காட்டப்பட்டது அந்த மைனஸ் 80 பெட்டி அல்ல. “ஃப்ரீசர் எது?” என்று கேட்டதற்கு, ஊசி போடும் அறையின் மூலையில் இருந்த இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜைக் கைகாட்டினார்கள். நம் வீட்டில் இருக்கிற அதே ரகம். மேல் கதவைத் திறந்தால் மைனஸ் 18 அல்லது 20. பனி கட்டாத வகை என்று பெருமையாக விளம்பரம் செய்வார்களே, அது பனி கட்டாமல் இருப்பதன் ரகசியமே அவ்வப்போது தன்னைத்தானே கொஞ்சம் சூடாக்கிக்கொள்வதுதான். ஐஸ்கிரீமுக்கு அது பரவாயில்லை. புரதத்துக்கு ஒவ்வொரு சூடும் ஒரு சின்ன உருகல். குதிரைகளுக்குப் பிஆர்பி போடும் கால்நடை ஆராய்ச்சியாளர்கள்கூட, மைனஸ் 20, மைனஸ் 80, திரவ நைட்ரஜன் என்று தனித்தனியாக வைத்து, தானே பனி நீக்கும் பெட்டியைத் தனி ரகமாகப் பிரித்துச் சோதித்திருக்கிறார்கள். மனிதர்களுக்குப் போடும் இடத்தில் மின்வெட்டு நேரத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். இன்வெர்ட்டர் இருக்கிறதாம், லைட்டுக்கும் ஃபேனுக்கும்.

இன்னொன்று, ரத்த வங்கித் தோழி சொன்னது. எடுக்கும்போது வெள்ளையணுவும் கொஞ்சம் கலந்து வந்திருந்தால், உறையவைத்ததும் அதுவும் உடையும். அதன் பொட்டலத்தில் இருப்பது வளர்ச்சிக் காரணி அல்ல, கிருமியைக் கரைக்க வைத்திருக்கும் நொதிகள். குருத்தெலும்பு தேய்ந்த முட்டிக்குள் அதை ஊற்றுவதில் யாருக்கு லாபம்?

இவ்வளவும் பேசுவதற்கு முன், புதிதாக எடுத்துப் போட்ட பிஆர்பிக்கே முட்டி எப்படி ஒத்துழைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்துச் செய்த ஒரு சோதனை 2021இல் வெளிவந்தது. சித்திக்குச் சொன்ன அதே கணக்கு, வாரம் ஒன்றாக மூன்று ஊசி. பாதிப் பேருக்கு பிஆர்பி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர், யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு வருஷம் கழித்து வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதே வருஷம் பிரிட்டனில் 240 பேரின் குதிகால் தசைநாணில் பார்த்ததிலும் அப்படியே. பலன் கண்டதாகச் சொல்லும் சிறிய ஆய்வுகளும் பல உண்டு; அதனால்தான் டாக்டர்களிடையே இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. ஆக, புதியதற்கே வழக்கு முடியவில்லை. அதற்குள் பழையதை அதே வாய்தாவில் சேர்த்துவிட்டார்கள்.

சித்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டாள். ஊசி போட்டே தீருவது என்று முன்பே முடிவு செய்திருந்தாள். பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கேட்டிருக்கிறதாம். ஆனால் ஃப்ரீசர் வேண்டாம் என்றாள். “குத்துனா குத்திட்டுப் போகட்டும்.” மூன்று வாரம் போனாள். முதல் வாரம் ஐந்து குத்து, இரண்டாவது மூன்று, கடைசி வாரம் வந்த பெண் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து ஒரே குத்தில் எடுத்துவிட்டாள். அந்தப் பெண்ணின் பேரைக் கேட்டு வைத்துக்கொண்டாள் சித்தி.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஊசியைப் பேசும்போது ‘மிச்சத்தை ஃப்ரீசரில் வைக்கலாம்’ என்று காதில் விழுந்தால், பேக்கேஜ் அறையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நேரே டாக்டரிடமே கேளுங்கள்: பெட்டி எத்தனை டிகிரி, உள்ளே இருக்கும் குழாயின் மேல் யார் பெயர், எந்தத் தேதி எழுதியிருக்கிறது என்று. முடிந்தால் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.