தனித்தனி ஸ்கேல் எதுக்கு?

தையல் வகுப்பில் ஒட்டுத்துணி விரிப்பு தைக்கப் போகிறோம். அறுகோணத்துக்கு ஒரு ஸ்கேல், முக்கோணத்துக்கு இன்னொண்ணு வாங்கணும்னு சிலர் சொல்றாங்க. எனக்கு உடன்பாடு இல்லை. அந்தத் தடித்த அக்ரிலிக் ஸ்கேல்கள் உருளும் கத்திக்கானவை. 1979-ல் ஜப்பானின் ஓல்ஃபா கம்பெனி கொண்டுவந்த கத்தி அது. நாம வெட்டுறது கத்தரிக்கோலால!

காம்பஸில் 2 அங்குலம் வைத்து வட்டம் போடுங்கள். அதே அளவை மாற்றாமல் வட்டத்தின் மேல் 6 புள்ளி வைத்துச் சேர்த்தால் அறுகோணம். தையலுக்கு எல்லாப் பக்கமும் கால் அங்குலம் கூட்டி, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிக்கலாம். முனை மழுங்கினா வேற அட்டை. முக்கோணத்துக்கு 60 டிகிரி, ஜாமெட்ரி பாக்ஸ் மூலைமட்டத்திலேயே இருக்கு.

உருளும் கத்தி வந்தால் அட்டையையும் சீவிடும். அப்போ வகுப்புக்குப் பொதுவா ஒரு நல்ல ஸ்கேல் வாங்கலாம். ஆளுக்கு ஒண்ணுன்னா, காசில்லாதவங்க விரிப்பே வேண்டாம்னு ஒதுங்கிடுவாங்க.