பல்லை அராவிய பிறகு

உடுப்பிட்டியில் ஒரு வீட்டுக் கினிப்பன்றி தீனியை விட்டுவிட்டால், அதைக் கூடையில் வைத்துக் கொண்டுவருபவர்கள் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "முன்பல்லு வளந்திட்டுது டொக்டர், வெட்டிவிடுங்கோ." மாடும் ஆடும் நாயும் பார்த்துப் பழகிய நமக்கும் அது சின்ன வேலையாகவே தெரிகிறது. வெட்டிவிட்டு அனுப்பினால் விலங்கு அதே நோயோடுதான் வீடு திரும்புகிறது.

கினிப்பன்றிக்கு 20 பற்கள். அவை அத்தனையும் ஆயுள் முழுவதும் வளர்பவை. கீழ்க் கடைவாய்ப்பற்கள் இயல்பிலேயே நாக்குப் பக்கம் சரிந்தவை. தேய்மானம் குறைந்தால் இரு பக்கத்துப் பற்களும் நாக்குக்கு மேலே பாலம்போல் நெருங்கி அதைச் சிறைப்பிடித்துவிடும். விலங்குக்குப் பசி இருக்கும். தீனியருகே ஓடிவரும், வாயில் எடுக்கும், விழுங்க முடியாமல் போட்டுவிடும். நாடி நனைந்திருக்கும், புழுக்கை சிறுத்துவிடும். முன்பல் நீள்வது பெரும்பாலும் கடைவாய்க் கோளாறின் விளைவு. ஆகவே காதுநோக்கியை வாய்க்குள் செலுத்திப் பின்புறத்தைப் பாராமல் முன்பல்லில் கைவைக்க வேண்டாம். மயக்கமில்லாமல் பார்க்கும்போது பல கோளாறுகள் கண்ணுக்குத் தப்பிவிடும். பல்வேர் தாடையெலும்புக்குள் நீண்டிருக்கிறதா என்பதை ஊடுகதிர்ப் படமே காட்டும். நகம் வெட்டும் கருவியால் பல்லை நறுக்குவதை அடியோடு கைவிட வேண்டும். பல் நெடுக்காகப் பிளந்து வேர்வரை சீழ் பிடிக்கும். சுழல் அரத்தால் அராவுவதே சரி. மயக்கத்துக்கு முன் நீண்ட பட்டினி வேண்டாம். கன்னத்துக்குள் தங்கிய தீனியைக் கழுவி எடுத்தால் போதும்.

இதுவரை சொன்னது பாதி வைத்தியம். மீதிப் பாதி வீட்டில் நடக்கிறது, அதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. பல நாள் மெல்லாத தாடைத்தசை அராவிய அன்றே வேலை செய்யாது, வாய்ப்புண்ணும் நோகும். இந்த இடைவெளியில் வயிறு வெறுமையாகக் கிடந்தால் குடல் அசைவு நின்றுவிடும். பல்நோயோடு வந்த கினிப்பன்றியைக் கொல்வது பெரும்பாலும் இந்தக் குடல் முடக்கமே. பெலட் தீவனத்தை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசியில்லாத 1 மி.லீ. சிறிஞ்சால் முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடைப்பட்ட வெளியில் பக்கவாட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். விலங்கு தானாக மென்று விழுங்கிய பிறகே அடுத்தது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 80 மி.லீ. வரை, இரவையும் சேர்த்துப் பங்கிட்டுக் கொடுக்கலாம். இதை வாயால் சொல்லிவிடாமல், சிறிஞ்சைக் கையில் கொடுத்து நம் முன்னாலேயே ஒரு தரம் ஊட்டச் செய்யுங்கள்.

நோவுக்கு மெலொக்ஸிகாம் கொடுங்கள். நீரிழப்பை முதலில் சரிசெய்துவிட்டு. நாய்க்கு எழுதும் பழக்கத்தில் அமொக்ஸிசிலினை வாய்வழியாக எழுதிவிடக் கூடாது. பெனிசிலின் வகைகளும் கிளின்டாமைசினும் குடலின் நல்ல கிருமிகளை அழித்து, நச்சுக் கிருமி பெருக வழிவிட்டு, சில நாட்களில் விலங்கைக் கொன்றுவிடும். தேவைப்பட்டால் என்ரோஃப்ளொக்சசின் அல்லது ட்ரைமெத்தோப்ரிம்–சல்பா.

நம்மைப்போலவே கினிப்பன்றியாலும் விற்றமின் சி-யை உடலில் உண்டாக்க முடியாது. 1907-இல் நோர்வேயில் ஹோல்ஸ்ற், ஃப்ரோலிஹ் என்ற இருவர் தானியத்தை மட்டும் ஊட்டியபோது இந்த விலங்குக்கு ஸ்கேவி வந்தது. அதிலிருந்துதான் அந்நோயின் ஆராய்ச்சியே வழி கண்டது. சோறும் பாணும் தானியமும் போட்டு வளர்க்கும் வீடுகள் அதே பரிசோதனையை அறியாமல் செய்கின்றன. ஸ்கேவி பல்லைப் பிடித்திருக்கும் இழையங்களைத் தளர்த்துகிறது, மெல்லாத தீனி பல்லைத் தேய்க்காமல் விடுகிறது. சுகமான விலங்குக்குக் கிலோவுக்கு 10–30 மி.கி., மீண்டுவரும்போது 50 மி.கி. வரை தினமும் வேண்டும். பெலட்டில் கலந்த சத்து ஆலையிலிருந்து வெளிவந்து மூன்று மாதத்துக்குள்ளேயே பெருமளவு குறையும். நமது வெக்கையில் இன்னும் விரைவாக. தண்ணீர்ப் போத்தலில் கரைத்தாலும் நிலைக்காது. கறிமிளகாயும் கொய்யாத் துண்டும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. முருங்கையிலையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, சிறுநீர்க்கல் வரக்கூடும், அளவோடு போதும்.

புல்லுக்கு ஈடு எதுவுமில்லை. குளிர்நாட்டு உலர்புல்லை விலைகொடுத்து வாங்கத் தேவையில்லை. உடுப்பிட்டித் தோட்ட வரம்புகளில் அறுகும் கினிப்புல்லும் கிடைக்கின்றன. வெங்காயத்துக்கு மருந்தடித்த வரம்பில் மட்டும் அறுக்கக் கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். முதலில் இளந்தளிர், வாய் தேறியதும் நீட்டுப் புல். பொடியாக நறுக்கினால் பல் தேயாது.

தெற்கே பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்துக்கு அனுப்ப வேண்டிய நோயாளியும் வரும். தீனியில்லாமல் வெக்கையில் நெடும்பயணம் அதற்கு ஆபத்து. கூழூட்டி, நீரேற்றி, நோவைத் தணித்த பிறகே அனுப்புங்கள். பலவற்றுக்குச் சில வாரங்களுக்கொருமுறை மீண்டும் அராவ வேண்டியிருக்கும் என்பதை முதல் நாளே குடும்பத்திடம் சொல்லிவிடுவதுதான் நேர்மை. வேர் நீண்டு எலும்பு கெட்டுவிட்டால் வேதனையின்றி விடைகொடுப்பதையும் மறைக்காமல் பேசுங்கள்.

சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து, கிராமில் எழுதிவரச் சொல்லுங்கள். கண்ணுக்குப் படுமுன் எடை காட்டிக்கொடுத்துவிடும். அந்த எடைத் தாள்களின் பிரதிகளைப் பெயர் நீக்கி எமக்கு அனுப்பிவையுங்கள். நமது நிலத்தில் எது தேறுகிறது, எது தேறவில்லை என்பதை வரும் இதழ்களில் சேர்ந்து பார்ப்போம்.