தம்பியர்க்குத் தொண்டு பயிற்றுமாறு

தொண்டு செய்தல் நன்றென்பதை மறுப்பார் இக்காலத்து ஒருவருமிலர். பள்ளிகள்தோறும் அதற்கென நேரமும், பதிவேடும், சான்றிதழும் ஏற்பட்டுவிட்டன. ஆயினும், பதினைந்து பதினாறு வயதினனாகிய ஓரிளைஞன் தான் செய்யக் கருதிய தொண்டை எங்ஙனம் வகுத்துக்கொள்ளல் வேண்டுமென்று அருகிருந்து ஆராய்ந்து கூறுவார் மிகச் சிலரே. அக்கடமை கல்லூரி மாணவராகிய நம்மைச் சார்ந்ததென்பது எமது துணிபு. ஆசிரியர்பால் அவன் தன் ஐயங்களைக் கூற அஞ்சுவான். பெற்றோரோ தேர்வையே நினைந்திருப்பர். மூன்று நான்கு ஆண்டுகளே மூத்த நாம் அவ்வயதின் ஆர்வத்தையும் அவசரத்தையும் இன்னும் மறந்திலேம்.

காந்தியடிகள் நூற்றாண்டாகிய 1969-இல், 37 பல்கலைக்கழகங்களில் ஏறக்குறைய 40,000 மாணவரைக்கொண்டு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. பின்னர் அது மேனிலைப் பள்ளிகளுக்கும் பரவிற்று. அதிற் சேர்ந்தவர் இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் பணிபுரிதல் வேண்டும்; ஏழு நாள் முகாமும் உண்டு. விதி நல்லதே. ஆனால் மணிக்கணக்கு நிரம்பியவுடன் தொண்டும் நிரம்பிற்றென்று கருதும் மயக்கம் பலரிடத்துக் குடிகொண்டிருத்தலைக் காண்கின்றோம். மரக்கன்று நடுவிழா ஒன்றை நினைத்துப் பாருங்கள். குழியை முன்னரே எவரோ தோண்டி வைத்திருப்பர். ஒரு கன்றைப் பதின்மர் பற்றி நிற்பர். புகைப்படம் எடுத்தானதும் பதின்மரும் கைவிடுவர். மறுவாரம் ஓர் ஆடு வந்து மிகுதியை முடித்துவிடும். (ஆட்டின்மேற் குற்றமில்லை, அவ்விடத்தில் தெளிவான நோக்கத்தோடு வந்தது அஃதொன்றே.) யார் நீர் ஊற்றுவார் என்ற ஒரு வினாவை நடுவதற்கு முன்னரே எவரேனும் எழுப்பியிருந்தால், நூறு கன்றுகளுக்குப் பதிலாக நான்கு கன்றுகள் நடப்பெற்று, நான்கும் பிழைத்திருக்கும்.

சென்ற ஆண்டு, பதினோராம் வகுப்பிற் பயிலும் தம்பியொருவன் எம்மை நாடி வந்தான். “அண்ணா, எங்கள் தெருவிலுள்ள முதியோர் ஐம்பது பேருக்குப் பத்து நாளில் கையெழுத்திடக் கற்பிக்கப் போகிறேன், திட்டம் எழுதித் தாருங்கள்” என்றான். எழுதிக் கொடுத்தல் எமக்கு அரிதன்று. ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். முடிந்திருந்தால் அது எமது திட்டமாயிருக்குமேயன்றி அவனுடையதாயிராது. ஆகவே, “அம்முதியோர் உன்னிடம் கையெழுத்துக் கேட்டார்களா, தம்பி?” என்று மட்டும் வினவினோம். அவன் விழித்தான். “அப்படியானால் மூன்று நாள் மாலையில் அவர்கள் திண்ணையிலே போய் உட்கார்ந்துவிட்டு வா. ஒன்றும் கற்பிக்காதே, ஒன்றும் கொடுக்காதே” என்று சொல்லியனுப்பினோம்.

அவன் மீண்டு வந்து கூறியவை எம்மையும் வியப்பிலாழ்த்தின. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தால், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் அம்முதியோர் பலர்க்கு வீட்டு வாயிலிலேயே கிடைக்கின்றன. மாத்திரைக்குக் குறைவில்லை. காலையிற் கொள்வது எது, இரவிற் கொள்வது எது என்பதிலேதான் தடுமாற்றம். பேரப்பிள்ளைகள் வேலையின் பொருட்டு வெளியூர் சென்றுவிட்டனர். படித்துச் சொல்வார் இல்லை. ஒரு பாட்டியார் இரண்டையும் ஒரே டப்பாவிற் கொட்டி வைத்து, நிறம் பார்த்து எடுத்து உண்டு வந்தாராம். ஒரு மாதம் மாத்திரையின் நிறம் மாறி வந்துவிடவே, என்ன செய்வதென்று அறியாமல் நான்கு நாள் ஒன்றையுமே உண்ணவில்லையாம். கையெழுத்தைப் பற்றி அவர்களுள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இனிச் செய்ய வேண்டியதை அவனே கண்டான். மாத்திரை உறைகளின்மேல் சூரியனையும் சந்திரனையும் வரைந்து கொடுப்பது என்பதே அது. இவ்விடத்திலேதான் மூத்தவன் வாய் திறத்தல் வேண்டும். மருந்து விளையாட்டன்று, எது காலைக்குரியது என்பதை அவன் தானாக ஊகித்தல் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் சென்று, ஒவ்வொரு வீட்டுச் சீட்டையும் அவர் முன்னிலையிற் சரிபார்த்த பின்னரே வரைதல் வேண்டுமென்று கண்டிப்பாகக் கூறினோம். முகஞ் சுளித்தான், பின்பு சென்றான். ஐம்பது வீடு பதினொரு வீடாகச் சுருங்கிற்று. அச்சுருக்கம் அவனுக்குப் பெருங் குறையாகத் தோன்றிற்று. எமக்கு அங்ஙனம் தோன்றவில்லை. ஒரு சிறுவன் மாதந்தோறும் தவறாமற் சென்று பார்க்கக்கூடிய வீடுகள் பதினொன்றே.

வழிகாட்டுதல் என்பது இத்துணையே என்று எண்ணுகின்றோம்: கேட்கவேண்டிய இடத்திற் கேட்டல், தடுக்கவேண்டிய இடத்தில் தடுத்தல், ஏனையவற்றில் வாளா இருத்தல். மூன்றனுள் இறுதியதே அரிது. தம்பி தயங்கும்பொழுது அவன் கையிலுள்ள பென்சிலை வாங்கி நாமே வரைந்துவிடத் துடிக்கின்றோம். ஆயின் பிறர் செய்துகொடுத்ததை ஒப்புவித்தவன் பாராட்டைப் பெறுவானேயன்றி அடுத்த பணியைத் தானே தொடங்குந் திறனைப் பெறான்.

இது புதுக்கொள்கையன்று. அக்காலத்துத் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், 1920-களில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் கிராம புனருத்தாரண நிலையமொன்றை நிறுவினர். அதனை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்பார், கிராமத்தார் தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொள்ளல் வேண்டும், அறிந்தவர் நெருங்கியிருந்து ஆலோசனை கூறுதலே போதும் என்பதைத் தம் முறையாகக் கொண்டார். பொருளை வாரி வழங்கியிருப்பின் அது செலவாகி ஒழிந்திருக்கும். தேனீ வளர்க்கும் முறையைக் கற்பித்தனர். நூறாண்டு அணுகியும் மார்த்தாண்டத்துத் தேன் பெயர் பெற்று விளங்குகின்றது. முதிர்ந்த குடியானவர்க்குப் பொருந்திய அம்முறை பதினாறு வயதுச் சிறுவனுக்குப் பொருந்தாதென்று கூறுவார் உளராயின், அவர் சிறுவரை மிகக் குறைத்து மதிப்பிடுகின்றார் என்றே சொல்லுவோம்.

மற்றொன்று. அச்சிறுவன் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பினன், பொதுத்தேர்வு வருகின்றது. அவன் நின்றுவிட்டால் அப்பதினொரு வீடுகளின் நிலை யாது? திட்டம் வகுக்கும் அன்றே இவ்வினாவையும் வகுத்தல் வேண்டும். “உனக்குப் பின் யார்?” என்று கேட்டதற்கு அவன் தன் தங்கையைக் காட்டினான். ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும் அப்பெண் அவனோடு நான்கு மாதம் உடன் சென்று, இப்பொழுது தனியே செல்கின்றாள். அவள் வரையும் சந்திரன் அண்ணன் வரைந்ததைவிட நன்றாயிருக்கிறதென்று பாட்டியார் தீர்ப்புக் கூறிவிட்டனர்.

பள்ளிகளின் தொண்டுப் பதிவேடுகளில் நட்ட கன்று எத்தனை, வழங்கிய புத்தகம் எத்தனை என்பதற்கெல்லாம் கட்டங்கள் உள. அவற்றோடு, ‘சென்ற ஆண்டுப் பணியில் இன்று எஞ்சியிருப்பது யாது?’ என்று ஒரு கட்டமுஞ் சேர்த்தல் வேண்டும். நம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் அண்டைப் பள்ளி மாணவர் ஒருவரை ஏற்று, மாதம் இரண்டு மாலை அவரோடு இருந்து பேசுதல் வேண்டும். இதற்குப் பணம் வேண்டா; மண்டபம் வேண்டா; தலைமை தாங்க எவரையும் அழைக்கவும் வேண்டா. விடுமுறை கழிந்து கல்லூரி திறந்தவுடன் இதனை மாணவர் மன்றத்தின் முன் வைக்க எண்ணியுள்ளோம்.