எல்லோருக்கும் ஒரே அளவு கதிரா?

“முழு அளவு கொடுப்பதுதான் பாதுகாப்பு, குறைத்தால் கட்டி திரும்ப வந்துவிடும்.” முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு 35 தவணைகளில் 70 கிரே (கதிரளவின் அலகு) என்ற வழக்கம் இந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. நம் ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்பார்களே, அந்தச் சிகிச்சைதான்.

பாதுகாப்பு யாருக்கு? கதிர் கட்டியோடு நின்றுவிடுவதில்லை. காதோர உமிழ்நீர்ச் சுரப்பிகள் கெட்டுப்போனால் சோறு தொண்டையில் இறங்காது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். ராத்திரியும் தலைமாட்டில் சொம்பு இருக்க வேண்டும். பிரிட்டனில் 94 பேரிடம் நடந்த பார்ஸ்போர்ட் ஆய்வில் (2011) ஒரு பகுதியினருக்கு அந்தச் சுரப்பிகளை ஒதுக்கிக் கதிர் பாய்ச்சினார்கள். ஓராண்டு கழித்து, தொந்தரவு தரும் வாய் வறட்சி, வழக்கமான முறையில் கண்ட 74 சதவீதத்துக்குப் பதில் இவர்களில் 38 சதவீதம் பேருக்கே இருந்தது.

“இம்யூனோதெரபியை (நோய் எதிர்ப்பைத் தூண்டும் மருந்தை) சேர்த்துவிட்டால் போதும்” என்பது அடுத்த வாதம். போதவில்லை. ஜாவலின் ஆய்வில் 697 பேருக்கும், கீநோட்-412 ஆய்வில் 804 பேருக்கும் வழக்கமான கீமோ, கதிரோடு சிலருக்கு அந்த வகை மருந்தும், சிலருக்கு மருந்தில்லாத போலி ஊசியும் தரப்பட்டன. இரண்டிலும் திட்டவட்டமான பலன் தெரியவில்லை. கழுத்து நிணநீர்க் கணுக்களில்தான் நோய் எதிர்ப்பு அணுக்கள் பழகுகின்றன. அவற்றையே கதிரால் சுட்டுக்கொண்டு மருந்தை வேலை செய்யச் சொல்கிறோமோ என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கு வலுத்திருக்கிறது.

“குறைத்துப் பார்த்துத் தோற்றார்களே?” இதில் உண்மை உண்டு. அமெரிக்காவின் என்.ஆர்.ஜி. எச்.என்.005 ஆய்வில், எச்.பி.வி. வைரஸால் தொண்டைப் புற்று வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு 60 கிரே கொடுத்தார்கள். முழு அளவு பெற்றவர்களில் 98 சதவீதம் பேர் இரண்டாண்டுகள் நோய் முற்றாமல் இருந்தார்கள். குறைந்த அளவு பெற்றவர்களில் 90 சதவீதத்தை ஒட்டியே. ஆனால் அங்கே அளவைத் தீர்மானித்தது நோயின் வகை. சிகிச்சைக்குக் கட்டி எப்படி மசிகிறது என்று யாரும் பார்த்து முடிவெடுக்கவில்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் டிபெண்ட் ஆய்வு அதைத்தான் செய்தது. எச்.பி.வி. இல்லாத, முற்றிய புற்று உள்ள 36 பேருக்கு முதலில் கீமோவும் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தும். பிறகு ஸ்கேன். கட்டி பாதியாவது சுருங்கியிருந்தால் 66 கிரே, அதுவும் நோய் தெரிந்த இடத்துக்கு மட்டும். அந்த அளவு சுருங்காதவர்களுக்கு 70 முதல் 75 வரை. ஆளுக்கேற்ற சிகிச்சை என்றால் தேவைப்பட்டவருக்குக் கூட்டுவதும்தான்.

36 பேர் சிறிய எண்ணிக்கை, ஒப்பிட இன்னொரு குழுவும் இல்லை. பெரிய ஆய்வு வரும்வரை இது ஊரெங்கும் நடைமுறையாகிவிட முடியாது. ஆகவே யாரும் தாமாகத் தவணையை நடுவில் விட்டுவிட வேண்டாம். தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: எந்த இடத்துக்கு, எவ்வளவு, ஏன்?