இலவச வைத்தியத்தின் விலை

இலங்கையில் வைத்தியம் இலவசம். 1951 ஆம் ஆண்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் ஒழிக்கப்பட்ட காலந்தொட்டு மேடைதோறும் முழங்கப்பட்டுவரும் பெருமை இது. அதைப் பொய்யென்று கூற நாம் வரவில்லை. பல நாடுகளில் ஏழை கனவிலும் எண்ண முடியாத சிகிச்சைகள் இங்கே காசின்றிக் கிடைப்பது மெய்தான். அங்ஙனமாயின், சப்ரகமுவத் தோட்டமொன்றில் ஒரு தாய்க்குப் பெருநோய் கண்டதும் அவள் கழுத்து நகை அடகுக் கடைக்குப் போவது ஏன்? இலவசமாய்க் கிடைக்கும் ஒன்றுக்கு வட்டிக்குக் கடன் வாங்குவானேன்?

கணக்கைப் பார்ப்போம். இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர்ப் பால் வெட்டும் பெண்ணுக்கு மார்பிலே கட்டி என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை தருவார்கள். நோவு தணியாதபோது இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்குத் துண்டு எழுதிக் கொடுப்பார்கள். லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு ஓட்டோக் கூலி, அங்கிருந்து பஸ். புற்றுநோய் என்றாகிவிட்டால் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைவரை அலைச்சல். ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு நாள் தள்ளிப் போனால், நோய் அந்த நாள்வரை காத்திராது; வெளியே காசு கொடுத்துச் செய்தாக வேண்டும். மருந்து கையிருப்பில் இல்லையென்றால் அதற்கும் வெளியே சீட்டு. 2022 ஆம் ஆண்டு ஒரு டொலரின் விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது, மருந்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் இந்நாட்டில் அந்தச் சீட்டின் சுமை எவ்வளவு ஏறியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் செலவு. தெரியாத செலவொன்று உண்டு. தோட்டத் தொழிலாளி நாட்கூலி. மலைக்குப் போனால்தான் பேர். பேர் விழுந்தால்தான் சம்பளம். கிளினிக் நாளில் நோயாளிக்குப் பேர் இல்லை. துணைக்குப் போகும் கணவனுக்கும் பேர் இல்லை. 2024 செப்டெம்பரில் நாட்கூலி 1,350 ரூபாயென நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில், ஒரு தடவை ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்கே அக்குடும்பம் 2,700 ரூபாயை இழக்கிறது. டாக்டர் அவளைத் தொட்டுப் பார்க்கும் முன்னமே கட்டணம் வசூலாகிவிட்டது!

கொடுமை இத்துடன் நிற்கவில்லை. 2016 ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின் 730 ரூபாயில் 60 ரூபாய் வரவுக் கொடுப்பனவு. அடிக்கடி வராதவனுக்கு அது இல்லை. 2019 இல் அது நீங்கியது. 2025 நவம்பரில் வரவு செலவுத் திட்டம் அறிவித்த 1,750 ரூபாயிலோ, 200 ரூபாய் மீண்டும் வரவு ஊக்கத்தொகை என்ற பெயரிலேயே வந்தது. சம்பளம் உயர்ந்ததை வரவேற்போம். ஆனால் ஊக்கமூட்டி வேலைக்கு வரவழைக்க நோய் என்ன சோம்பலா? இரத்தம் சுத்திகரிக்க வாரந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவனுக்கு அந்த 200 ரூபாய் ஊக்கமன்று, தண்டம்.

இந்த நிலை தானாக வந்ததன்று. 1872 ஆம் ஆண்டிலேயே வெள்ளையர் அரசு தோட்டங்களுக்கென்று தனியே மருத்துவச் சட்டம் இயற்றியது. கூலியின் உடம்பு துரையின் உழைப்புக் கருவி. கருவி பழுதானால் வேலை நிற்கும். அந்தக் கணக்கில் பிறந்ததே தோட்ட வைத்தியம். நாட்டு மக்களுக்கான வைத்தியமோ வேறு வழியில் வந்தது. 1934 இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாய்த் தேங்க, கேகாலைப் பகுதியிலும் அயல் மாவட்டங்களிலும் மலேரியா சூறையாடிற்று. 1935 வரை ஏறத்தாழ 80,000 உயிர்கள் மாண்டன. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களில் இறங்கினர். அவர்களில் ஒருவரான என். எம். பெரேராவை 1936 இல் ருவன்வெல்லைத் தொகுதி சட்டசபைக்கு அனுப்பிற்று. 1931 இல் சர்வசன வாக்குரிமை பெற்றிருந்த மக்கள் தம் நோயை அரசியலாக்கினர், ஆஸ்பத்திரிகள் பெருகின, ஈற்றில் கட்டணமும் ஒழிந்தது.

ஆனால் ஆண்டுகளைக் கவனியுங்கள். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம். 1949 இல் வாக்குரிமை பறிப்பு. 1951 இல் இலவச வைத்தியம். நாடு தன் பிரஜைகளுக்கு விருந்து பரிமாறிய வேளையில், அந்த விருந்துக்குத் தேயிலையாலும் ரப்பராலும் பொருளீட்டித் தந்தவன் பிரஜையாக இல்லை. 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை எஞ்சியோர் காத்திருக்க நேர்ந்தது. தோட்ட வைத்தியத்தை அரசு ஏற்கும் என்ற வாக்குறுதி 1990களிலிருந்து கேட்கிறது. சில ஆஸ்பத்திரிகள் ஏற்கப்பட்டன, பல தோட்டங்களில் டிஸ்பென்சரி இன்னும் கம்பனியின் நிழலிலேயே நிற்கிறது.

'குடித்து அழிக்கிறார்கள், திருவிழாவில் கொட்டுகிறார்கள், நோய்க்குச் சேமிக்கத் தெரியவில்லை' என்று உபதேசிக்கும் கனவான்கள் உளர். 2016 ஆம் ஆண்டின் அரச ஆய்வு சொல்வதைக் கேட்கட்டும்: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற வளர்ச்சி குன்றியோர் நாடளாவ நூற்றுக்கு 17, தோட்டங்களில் 32. குழந்தையின் எலும்புக்கே எட்டாத சம்பளத்தில் எதைச் சேமிப்பது?

'தர்மவான்கள் இருக்கிறார்களே, ஜனாதிபதி நிதியம் இருக்கிறதே' என்பர் வேறு சிலர். உதவும் கைகளை நாம் இகழோம். ஆயினும், வறுமையை அத்தாட்சிப்படுத்தக் கிராம உத்தியோகத்தரிடம் ஒருநாள், பிரதேச செயலகத்தில் ஒருநாள் என்று அலைய வேண்டியவன் ஒவ்வொரு நாளும் ஒரு பேரை இழக்கிறான். உரிமையாக வர வேண்டியதை மனுவாக எழுத வைப்பதே அவமானம். பஸ்ஸில் உண்டியல் குலுக்கும் தகப்பனைக் கண்டு சில்லறை போட்டுவிட்டு மனச்சாட்சியைத் தூங்க வைப்பது யாருக்கு நன்மை?

மொழியின் துயரமோ தனி. 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. ஆனால் தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் சிங்களக் கிராமங்களிடையே சிதறிக் கிடக்கும் தோட்டத்துத் தாய், எங்கே நோகிறது என்பதைத் தன் மொழியில் சொல்லப் பெரும்பாலும் பிள்ளையின் வாயையே நம்புகிறாள். பத்து வயது மகன் தாயின் கர்ப்பப்பை நோயை டாக்டருக்கு மொழிபெயர்க்க வேண்டுமா?

ஆகவே நாம் கேட்பது பிச்சையன்று. தோட்ட வைத்தியம் முழுவதையும் அரசு ஏற்க வேண்டும். நோய்நாளுக்குச் சம்பளம் வேண்டும்; துணைக்குப் போவோருக்கும் அது வேண்டும். கிளினிக் நாள் வரவு நாளாகக் கணக்கிடப்பட வேண்டும். சப்ரகமுவ ஆஸ்பத்திரிகளில் தமிழறிந்த ஊழியர் வேண்டும். மாதந்தோறும் சந்தா பிடிக்கும் தொழிற்சங்கங்களே, அடுத்த பேச்சுவார்த்தையில் ரூபாய்க் கணக்கோடு இந்தக் கணக்கையும் மேசைமேல் வையுங்கள். சிங்களக் கிராமத்து ஏழையும் இதே வரிசையில்தான் கால்கடுக்க நிற்கிறான். அவனையும் சேர்த்துக் கேளுங்கள். 1935 இல் கேகாலை மண் கற்றுத் தந்த பாடம் அதுவே.